சிரிப்பு காட்டாமல் ஊட்டிய சோறு

என் மகளுக்கு அப்போது நாலு வயது. அந்த வயதில் மற்றப் பிள்ளைகளுக்குச் சோறூட்ட அம்மாக்காரிகள் கிண்ணத்தோடு தெருவெல்லாம் ஓடுவார்கள். எங்கள் வீட்டில் யாரும் ஓட வேண்டியதில்லை. அவளை உட்கார வைக்கவே ஓர் ஆள் பிடித்துக்கொள்ள வேண்டும். ஆனால் ஒரு கிண்ணம் குழைந்த சோறு அவள் வாயிலிருந்து வயிற்றுக்குப் போய்ச் சேர்வதற்குள், நான் கண்டக்டராக இருந்த பஸ் உத்திரமேரூரில் கிளம்பி, வழியில் எல்லா ஊரிலும் நின்று, ஓரிக்கை தாண்டிக் காஞ்சிபுரம் ஸ்டாண்டில் ஆளையும் இறக்கிவிட்டிருக்கும்.

பிறந்தவுடன் அவள் அழவில்லை. ரொம்ப நேரம் கழித்துத்தான் அழுதாள். அந்த ரொம்ப நேரத்தில் மூளையில் ஓர் இடம் அடிபட்டுவிட்டது, அதனால் கை, கால், நாக்கு, தொண்டை எதுவும் அவள் சொன்ன பேச்சைக் கேட்காது என்று பெரியாஸ்பத்திரி டாக்டர் சொன்னார். சீட்டில் மூளை வாதம் என்று எழுதினார். அறிவுக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை என்றும் சொன்னார். அதை நான் அந்த இடத்திலேயே நம்பினேன். என் ஜோக்குக்கெல்லாம் விடாமல் சிரிக்கிற ஒரே ஆள் அவள்தான்.

அந்த வருஷம் ஆடியில் ஒரு தடவை, ஆவணியில் ஒரு தடவை அவளுக்குக் காய்ச்சல் வந்து நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. இரண்டாம் தடவை டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். தின்கிறதில் கொஞ்சம் நுரையீரலுக்குப் போகிறது, இன்னொரு தடவை இப்படி வந்தால் இந்த நெஞ்சு தாங்காது என்றார். எப்படி ஊட்டினால் அங்கே போகாது என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. எனக்குப் பின்னால் நாற்பது பேர் வரிசையில் நின்றார்கள். கண்டக்டராகிய எனக்கு வரிசையைக் கண்டால் நகரத்தான் தோன்றும்.

வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான். என் மனைவி ஊட்டினால் ஒன்றரை மணி நேரம். நகக்கண் அளவு சோறு, பிறகு சும்மா உட்கார்ந்திருப்பாள். பாப்பா வாயை இறுக்கிக்கொண்டால் அது தானாக இளகும்வரை இவளும் சிலை மாதிரி இருப்பாள். எனக்குப் பார்க்கவே கொட்டாவி வரும். நான் ஊட்டினால் பத்து நிமிஷம். என் முறை வேறு. பஸ்ஸில் ஏறுகிறவர்களை நடித்துக் காட்டுவேன். கோழியை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, கோழி கொக்கரித்ததும் தானே இருமுகிற அம்மாள். நின்றுகொண்டே தூங்கி அடுத்தவர் தோளில் எச்சில் விடும் பெரியவர். பாப்பா தலையைப் பின்னால் தள்ளிக்கொண்டு, கையெல்லாம் விறைக்க, உடம்பெல்லாம் குலுங்கச் சிரிப்பாள். வாய் பெட்டி மாதிரித் திறந்துகொள்ளும். அந்த நேரம் பார்த்து ஓர் உருண்டையை உள்ளே போட்டுவிடுவேன். பக்கத்து வீட்டுப் பெண்கள்கூட வந்து நின்று பார்ப்பார்கள். ஊட்டுகிறதில் என்னை மிஞ்ச ஆள் இல்லை என்று டிரைவரிடம் பீற்றிக்கொள்வேன்.

ஒவ்வொரு தடவையும் கடைசியில் அவள் இருமுவாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை இருமுவாள்.

"இன்னாய்யா, போட்டுக்கினே கீற. அது வவுத்துக்குப் போச்சா நெஞ்சுக்குப் போச்சான்னு பாத்தியா?" என்று மனைவி கேட்பாள்.

வயிற்றுக்குள் எட்டிப் பார்க்க எனக்கு டார்ச் லைட் இல்லை என்று பதில் சொல்வேன். இந்த மாதிரி பதில்களை நான் பஸ்ஸில் தினம் பதினாறு தடவை சொல்லிப் பெயர் வாங்கியிருந்தேன்.

எங்கள் பஸ்ஸில் ஏறுகிறவர்களில் பாதிப்பேர் வைத்தியம் தெரிந்தவர்கள். மீதிப்பேர் அந்த வைத்தியம் தப்பு என்று சொல்லத் தெரிந்தவர்கள். இந்த இருமல் விஷயத்தில் மட்டும் பஸ்ஸே ஒரு குரலாகச் சொன்னது: பிள்ளைக்குத் தொக்கம். அதாவது முன்னொரு நாள் தின்றது எதுவோ தொண்டையில் ஒட்டிக்கொண்டு இறங்காமல் கிடக்கிறது. அதை எடுத்துவிட்டால் சரியாகப் போகும். தென்னேரிக்குப் பக்கத்தில் ஓர் அம்மாள் தொக்கம் எடுப்பாராம். மனைவியிடம் சொன்னால் விடமாட்டாள். அதனால் புரட்டாசியில் ஒரு டியூட்டி இல்லாத நாளில், ஏரிக்கரை வேடிக்கை காட்டிக் கூட்டி வருகிறேன் என்று சொல்லிப் பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

அந்த அம்மாள் பாப்பாவை மடியில் மல்லாக்கப் போட்டார். விளக்கெண்ணெய் தொட்டுத் தொண்டையிலிருந்து வயிறுவரை நீவினார். பிறகு ஒரு சங்கு வெந்நீரை அவள் வாயில் சாய்த்தார். பாப்பாவின் கண்கள் என்னைத் தேடின. உதடு நீலமாவது போல எனக்குத் தோன்றியது. தோன்றியதோடு சரி, நான் ஒன்றும் செய்யவில்லை. அந்த அம்மாள் குனிந்து அவள் வாயோடு வாய் வைத்து உறிஞ்சி, நிமிர்ந்து, தட்டில் எதையோ துப்பினார். கோழி எலும்புத் துணுக்கு ஒன்று.

"நைனா, இவ்ளோ நாளா இதான் உள்ள கெடந்து பேஜார் பண்ணிக்கினு இருந்துச்சு. இனிமே கல்லைக் குடுத்தாலும் முழுங்குவா."

புரட்டாசியில் எங்கள் வீட்டில் கறி கிடையாது. மற்ற மாதங்களில்கூட என் மகள் குழைந்த சோற்றைத் தவிர வேறு எதையும் தின்றது கிடையாது. பஸ்ஸில் ஆறு வயதுப் பையனை நாலு வயது என்று சொன்னால் முழங்கால் உயரத்தைப் பார்த்தே பிடித்துவிடுகிற நான், அந்த எலும்பைப் பார்த்து, வெற்றிலை பாக்கு வைத்துக் கும்பிட்டுவிட்டு வந்தேன். வரும் வழியெல்லாம் அவள் மூச்சு கரகரவென்றது. வீட்டு வாசலில் இறங்கும்போது உடம்பு கொதித்தது.

மூன்றாம் தடவை. இந்த நெஞ்சு தாங்காது என்று டாக்டர் சொன்ன தடவை.

ஆஸ்பத்திரியில் பத்து நாள். முதல் நாலு நாளும் பிழைப்பாளா என்று யாரும் சொல்லவில்லை. வாயில் தண்ணீர் ஏதாவது ஊற்றினீர்களா என்று டாக்டர் கேட்டபோது நான் மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்தேன். மனைவி என்னைப் பார்த்தாள். எல்லாவற்றையும் சொன்னேன், எலும்பு உட்பட. அவள் திட்டியிருந்தால் ஏதாவது பதில் ஜோக் தயார் செய்திருப்பேன். அவளோ பாப்பாவின் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தாள். அந்தப் பத்து நாளும் என்னிடம் இரண்டே விஷயம் பேசினாள்: ஃபிளாஸ்கில் வெந்நீர் வாங்கி வா, அந்தப் பக்கம் நகரு.

ஐந்தாம் நாள் காய்ச்சல் இறங்கியது. அதற்கப்புறம் கைகால் பயிற்சி கொடுக்கிற அம்மா ஒருவர் வார்டுக்கு வந்தார். யார் ஊட்டுகிறது என்று கேட்டார். நான்தான் என்று முந்திக்கொண்டேன். ஊட்டிக் காட்டச் சொன்னார். பாலில் ஊறிய ரொட்டியைக் கையில் எடுத்தேன். ஒரு வாரமாகச் சிரிக்காத பிள்ளை, எனக்கும் ஒரு வாரமாகச் சிரிக்க ஆள் இல்லை. கோழி அம்மாளாக நடித்தேன். வார்டே சிரித்தது. பக்கத்துக் கட்டிலில் கட்டுப் போட்டிருந்தவர் வலியோடு சிரித்தார். பாப்பா தலையைப் பின்னால் போட்டாள், வாய் திறந்தது, நான் கையைக் கொண்டுபோனேன்.

"அப்பா, போடாதீங்க" என்றார் அந்த அம்மா. அவர் இரண்டு விரலைப் பாப்பாவின் தொண்டையில் வைத்திருந்தார். "இவ தொண்டையில எதுவும் ஒட்டிக்கலை. சிரிக்கிறப்ப தலை பின்னால போகுது, மூச்சை உள்ள இழுக்கிறா. வாயில இருக்கிறது அந்த மூச்சோட நெஞ்சுக்குப் போயிடுது. நீங்க சிரிக்க வெச்சு வெச்சுதான் இது வருது."

வார்டில் சிரிப்பு நின்றது. ரொட்டி என் கையில் ஊறிக்கொண்டிருந்தது.

அவர் மனைவியை ஊட்டச் சொல்லிப் பார்த்தார். இடுப்பை மடக்கி நேராக உட்கார வைக்கணும், மோவாய் நெஞ்சைப் பார்த்து இறங்கியிருக்கணும், வாயில் வைத்தபின் தொண்டையில் சின்ன உருண்டையாகத் தட்டுப்படுகிற குரல்வளை மேலே ஏறி இறங்கும்வரை ஒரு சத்தம் இருக்கக் கூடாது, அப்புறம்தான் அடுத்தது என்று சொல்லிக் கொடுத்தார். திணறினால் முதுகில் தட்டி நிமிர்த்தக் கூடாது; முன்பக்கம் குனிய வைக்கணும், வெளியே விழட்டும். உட்கார வைக்கிற முறையைத் தவிர மற்றதெல்லாம் என் மனைவி ஏற்கெனவே செய்துகொண்டிருந்ததுதான். கொட்டாவி வருகிற அந்த ஒன்றரை மணி நேரத்தால்தான் பிள்ளை இத்தனை நாள் பிழைத்திருக்கிறாள். நான்தான் சொன்னேனே என்று அவள் சொல்வாள் என்று காத்திருந்தேன். அவள் அடுத்த வாய் ரொட்டியை எடுத்தாள்.

வீட்டுக்கு வந்ததும் ஊட்டுகிற வேலையிலிருந்து என்னை எடுத்துவிட்டாள். நியாயம்தான். சிக்கல் அதோடு முடியவில்லை. நான் ஒன்றும் செய்யாமல் ஓரமாக உட்கார்ந்திருந்தாலே பாப்பா என் முகத்தைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தாள். முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டால் அது இன்னும் பெரிய ஜோக். தலையில் துண்டைப் போட்டு மூடினேன்; துண்டைப் பார்த்துச் சிரித்தாள். கடைசியில் சாப்பாட்டு நேரத்தில் நான் வீட்டில் இருக்கக் கூடாது என்று உத்தரவானது. ஒன்றரை மணி நேரம் வைக்கோல் போருக்குப் பின்னால் நிற்பேன். தெருவில் போகிறவர்கள் இன்னா கண்டக்டரே, வெளியே தள்ளிட்டாங்களா என்பார்கள். ஆமாம், சீட்டு வாங்கலை, இறக்கிவிட்டுட்டாங்க என்பேன். அவர்கள் சிரித்துக்கொண்டே போவார்கள். நான் உள்ளே இருமல் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்பேன்.

இப்படியே தை முடிந்தது, மாசி முடிந்தது. காய்ச்சல் வரவில்லை. பங்குனியில் என் மனைவிக்கு அம்மை வார்த்தது.

எங்கள் பக்கத்தில் அம்மை வந்த வீட்டுக்குள் யாரும் நுழைய மாட்டார்கள். நிலையில் வேப்பிலைக் கொத்து செருகிவிட்டால் அதுதான் கேட். தலைக்கு மூன்றாம் தண்ணீர் ஊற்றும்வரை உள்ளே வரவும் கூடாது, உள்ளிருந்து வெளியே போகவும் கூடாது. என்னை வேலைக்கு வராதே என்று முதலாளி சொல்லி அனுப்பினார். பக்கத்து வீட்டுக்காரி தினம் வாசலில் ஒரு சொம்பு மோர் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போவாள். மருந்து கொடுக்க வந்த கம்பவுண்டர் வாசலில் நின்றே, இந்த நெஞ்சோட இருக்கிற பிள்ளைக்கு அம்மை ஒட்டினால் அவ்வளவுதான், தாயிடம் விடாதே என்றார். எனக்குச் சின்ன வயதிலேயே வந்து போய்விட்டது. அதனால் மனைவி உள் அறையில், வேப்பிலைப் படுக்கையில். இந்தப் பக்கம் நானும் பாப்பாவும். நடுவில் ஒரு மண் சுவரும் ஒரு வாசற்படியும். உலகத்திலேயே அவளுக்கு ஊட்டக் கூடாத ஓர் ஆளைத் தேடிப் பிடித்து அவளோடு விட்டமாதிரி ஆயிற்று.

முதல் நாள் காலை கிண்ணத்தோடு எதிரில் உட்கார்ந்தேன். என்னைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்துவிட்டது. ஆறு மாதமாகச் சாப்பாட்டு நேரத்தில் காணாமல் போயிருந்த ஆள் திரும்பி வந்திருக்கிறான், கையில் கிண்ணத்தோடு. தலை பின்னால் போனது. கிண்ணத்தைக் கீழே வைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து எடுத்தேன். மறுபடியும் சிரிப்பு. மத்தியானம் வரைக்கும் ஒரு பருக்கை உள்ளே போகவில்லை. பிறகு பசியில் அழ ஆரம்பித்தாள். அழும்போதும் மூச்சை இழுக்கிறாள், அழும்போதும் ஊட்ட முடியாது. சிரித்தாலும் ஆபத்து, அழுதாலும் ஆபத்து. எனக்குத் தெரிந்தது சிரிக்க வைக்க மட்டும்தான்.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து மனைவி குரல் வந்தது. காய்ச்சலில் கரகரத்துப் போன குரல்.

"மூஞ்சிய காட்டாத. பின்னால உக்காரு."

சுவரில் சாய்ந்து, காலை விரித்து உட்கார்ந்து, பாப்பாவை என் தொடைகளுக்கு நடுவில் வைத்து, அவள் முதுகை என் நெஞ்சில் சாய்த்துக்கொண்டேன். முழங்காலை மடக்கி அவள் இடுப்பை மடக்கினேன். இடது கையை முன்னால் கொண்டுபோய் மோவாயைத் தாங்கி, இரண்டு விரலைத் தொண்டையில் வைத்தேன். முகம் தெரியவில்லை. அவள் கொஞ்சம் தேடினாள், பிறகு அழுகை அடங்கியது. கரண்டி நுனியில் சோறு வைத்தேன். உதடு மூடியது. விரலுக்கடியில் ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை. அப்புறம் அந்தச் சின்ன உருண்டை மெல்ல ஏறி, ஓர் எலிக்குஞ்சு மாதிரி நழுவி இறங்கியது.

நாலு வருஷமாக அவளுக்கு ஊட்டியிருக்கிறேன். அவள் விழுங்குவதை அன்றைக்குத்தான் முதல் தடவை கவனித்தேன்.

"எறங்கிச்சா?" என்று உள்ளிருந்து கேட்டாள். நான் வாயைத் திறந்தால் என் குரலுக்கே பாப்பா சிரிப்பாள். அதனால் பின்னால் சுவரில் தலையால் இரண்டு முட்டு முட்டினேன். பஸ்ஸில் இரண்டு தட்டு என்றால் போகலாம் என்று அர்த்தம். ஒரு தட்டு என்றால் நிறுத்து. அவளுக்கு அது தெரியும். அன்றைக்குச் சாயங்காலம் கிண்ணத்தில் பாதி முடிவதற்குள் என் பின்மண்டை வீங்கிவிட்டது.

இன்னொரு கஷ்டம் இருந்தது. என் வயிற்றில்தான் அவள் முதுகு. மனசுக்குள் ஏதாவது வேடிக்கையாக நினைத்து வயிறு லேசாகக் குலுங்கினாலும் அவளுக்குத் தெரிந்துவிடும்; உடனே அவள் வயிறும் குலுங்கத் தயாராகும். அதனால் நினைக்கவும் கூடாது. என்னை மாதிரி ஆளுக்கு ஒன்றரை மணி நேரம் ஒன்றும் நினைக்காமல் இருப்பது சாதாரண விஷயமில்லை. பிறகு உத்திரமேரூர் தாலுகா ஆபீசில் பார்த்த முகங்களை வரிசையாக நினைத்துக்கொண்டேன். அது உதவியது.

மூன்றாம் நாள் காலை, கிண்ணம் பாதி ஆகியிருந்தது. அப்போதுதான் வைத்த சோறு அவள் வாயில் இருந்தது. எங்கள் பஸ் ரோட்டு வளைவில் வந்தது. எங்கள் வீட்டைத் தாண்டும்போதெல்லாம் டிரைவர் ஒரு மெட்டுப் போட்டு ஹாரன் அடிப்பார். நல்ல மனசு. நான் வீட்டில் அடைந்து கிடக்கிறேன் என்று அன்றைக்கு இரட்டிப்பாக அடித்தார்.

பாப்பாவின் முதுகு விறைத்தது. தலை என் நெஞ்சில் மோதிப் பின்னால் போனது. சிரிப்பு வந்தது, பாதியில் நின்றது. அதற்கப்புறம் சத்தமே இல்லை. இருமல்கூட இல்லை. என் விரலுக்கடியில் தொண்டை கல்லாக நின்றது.

முன்பக்கம் குனிய வைத்தேன். நெற்றி ஏறக்குறையத் தரையைத் தொட்டது. ஒன்றும் விழவில்லை. அவள் கை விரல்கள் விரிந்து நின்றன. வாசற்படியில் ஏதோ நிழல் தெரிந்தது. மனைவி எழுந்து வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகமெல்லாம் கொப்புளம், ஒரு கால் படிமேல். தாண்டினால் பிள்ளைக்கு ஆபத்து, தாண்டாவிட்டாலும் ஆபத்து. அவள் தாண்டவில்லை. வாயைத் திறக்கவுமில்லை. நான் இன்னும் கொஞ்சம் குனிய வைத்தேன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். வேறு எதுவும் தெரியாது.

என் உள்ளங்கையில் சூடாக ஏதோ விழுந்தது. சோறு. அப்புறம் ஓர் இருமல், அப்புறம் மூச்சு, அப்புறம் நல்ல ஓங்கிய அழுகை.

அழுகை ஓய்வதற்கு ரொம்ப நேரம் பிடித்தது. கிண்ணத்தைத் தள்ளி வைத்தேன். மனைவி இன்னும் படியில்தான் நின்றாள்.

"இன்னும் எவ்ளோ கீது?"

"பாதி."

"ஊட்டு."

முடியாது என்று தலையாட்டினேன்.

"முந்தாநேத்தே வவுறு காஞ்சி கெடந்துச்சு. ஊட்டுய்யா. நான் இங்கதான் நிக்கிறேன்."

ஊட்டினேன். கிண்ணம் காலியாகிறவரை அவள் நிலையைப் பிடித்தபடி நின்றாள். அதற்கப்புறம் மூன்று நாள், காலையும் மாலையும், பாப்பாவின் முதுகில் காதை வைத்துக் கேட்டேன், கரகரப்பு இருக்கிறதா என்று. முதல் நாள் இருக்கிற மாதிரித் தோன்றியது. இரண்டாம் நாள் அது என் காதின் இரைச்சலா என்று சந்தேகமாக இருந்தது. மூன்றாம் நாள் சுத்தமாக இல்லை. காய்ச்சலும் வரவில்லை. அம்மையும் அவளுக்கு ஒட்டவில்லை. பக்கத்து வீட்டுக்காரி விஷயத்தைச் சொன்னாளோ என்னவோ, டிரைவர் எங்கள் வளைவில் ஹாரன் அடிப்பதை விட்டுவிட்டு மாட்டு வண்டி வேகத்தில் ஊர்ந்து போக ஆரம்பித்தார்.

பின்னால் உட்கார்ந்து தாடையைத் தாங்கி ஊட்டுகிற முறையை அப்புறம் ஆஸ்பத்திரி அம்மாவிடம் பெருமையாகச் செய்து காட்டினேன். இது புத்தகத்திலேயே இருக்கிறதே என்றார். நான் கண்டுபிடித்த ஒரே விஷயமும் இப்படிப் போயிற்று.

மூன்றாம் தண்ணீர் ஊற்றிய மத்தியானம் மனைவி ஈரத் தலையோடு வந்து எங்களுக்கு எதிரில் உட்கார்ந்தாள். கிண்ணத்தை அவளிடம் நீட்டினேன். பாப்பா அம்மாவைப் பார்த்தாள், கிண்ணத்தைப் பார்த்தாள், பிறகு தலையை என் நெஞ்சில் அழுத்திக்கொண்டாள். நீயே ஊட்டு, நான் பார்க்கிறேன் என்று மனைவி கிண்ணத்தைத் திருப்பித் தள்ளினாள்.

ஊட்டினேன். பாப்பாவின் தலைக்கு மேலே என் முகம் மனைவிக்கு நேராகத் தெரிந்திருக்கும். வாயை இறுக்கிக்கொண்டு, கண்ணை ஓர் இடத்தில் நட்டுக்கொண்டு, தாலுகா ஆபீசை நினைத்துக்கொண்டிருந்த முகம். மனைவியின் உதடு துடித்தது. முந்தானையால் வாயைப் பொத்தினாள். தோள் குலுங்கத் தொடங்கியதும் எழுந்து, சத்தமில்லாமல் கிணற்றடிப் பக்கம் போய்விட்டாள். நான் அசையவில்லை. சோறு பாப்பாவின் வாயில் இருந்தது. விரலை வைத்துக் காத்திருந்தேன். ஏறியது. இறங்கியது.